அரசாங்கம் நினைத்தால் நம் வாட்ஸ்அப்பை உடைத்துப் படிக்க முடியுமா? பாஸ்வேர்டு கேட்டுக் கட்டாயப்படுத்த முடியுமா?

சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் 14 வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒருவராவது என் கடையில் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கொலுசுப் பட்டறைக்காரர்கள்தான் அதிகம். வெள்ளிக் கட்டி வாங்கியது, கூலி, பாக்கி என்று அவர்கள் தொழிலே இப்போது வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. "நாம பேசறத கவர்மெண்டு படிக்குமாண்ணா?" என்பார்கள். "உடைக்க முடியாது, ஆனா எடுத்துருவாங்க" என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்வதில்லை.

என் கடை போர்டில் "லாக் எடுத்துத் தரப்படும்" என்று எழுதியிருக்கிறது. லாக் எடுப்பது என்றால் ரீசெட் அடிப்பது. போன் திறக்கும், உள்ளே இருந்தது எல்லாம் போய்விடும். உள்ளே இருப்பதை எடுத்துத் தருவது வேறு வேலை. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பாதிப்பேர் வருகிறார்கள்.

போன வருடம் மழை நாளில் ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். கொஞ்சம் காப்பி, நடுவில் மிளகுக்கொடி என்று சின்னத் தோட்டம். விபத்தில் இறந்துபோன மகனுடைய போனை மஞ்சள் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். டிஸ்ப்ளே மாற்றியதும் உயிர் வந்தது, பேட்டர்ன் கேட்டது. வீட்டில் ஆளாளுக்கு இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், போன் இன்னும் ஒரு மணி நேரம் பொறு என்றது. "போட்டோ கூட வேணாம் தம்பி. அவன் குரல் ஏதாவது இருந்தா எடுத்துக் குடு, போதும்" என்றார்.

பழைய போனாக இருந்தால் செய்திருப்பேன். ஹாட் ஏர் வைத்து மெமரி ஐ.சி.யை (தகவல் இருக்கும் சில்லை) கழற்றி, ரீடரில் போட்டால் உள்ளே இருப்பது அப்படியே வரும். இப்போதைய போன்களில் ஐ.சி.யைக் கழற்றினாலும் குப்பைதான் வரும். மெமரியில் எழுதுவதெல்லாம் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது. அதைத் திறக்கும் சாவி எங்கேயும் தனியாக வைக்கப்பட்டிருப்பதில்லை. அந்தப் பையன் இழுத்த பேட்டர்னும் பிராசசருக்குள் புதைந்திருக்கும் ஒரு ரகசிய எண்ணும் சேர்ந்தால்தான் சாவி உருவாகும். ஒன்று அவனோடு போய்விட்டது. தப்பு முயற்சிகளை எண்ணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் அந்தச் சில்லுதான்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தம்பி, தங்கச்சி யாருக்காவது வாய்ஸ் அனுப்புவாரா?" என்று கேட்டேன். அவர் வைத்திருந்தது பட்டன் போன். தங்கை மகள் ஃபேர்லண்ட்ஸில் இருக்கிறாளாம். கூப்பிட்டோம், வந்தாள். அவள் போனில் குடும்ப குரூப் இருந்தது. மூன்று வருட வாய்ஸ் மெசேஜ் அழியாமல் கிடந்தது. "சித்தி, அடிவாரம் வந்துட்டேன், அம்மாகிட்ட சொல்லிடுங்க." மூன்று வினாடி இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து போனைக் காதில் ஒட்டிவைத்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் வேறு போனைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

போலீசும் உளவுத்துறையும் பெரும்பாலும் செய்வது இதே வேலைதான். ஒரு மெசேஜுக்கு இரண்டு முனை உண்டு. நடுவழியில் அதை உடைக்க முடியாது. இரண்டு முனையிலும் அது திறந்துதான் கிடக்கிறது. ஒரு முனை வாய் திறக்காவிட்டால் இன்னொன்றைப் பிடிப்பார்கள்.

நடுவழியில் ஏன் முடியாது? 1977இல் அமெரிக்க அரசு தரமாக அறிவித்த டி.இ.எஸ். என்ற என்க்ரிப்ஷன் முறையின் சாவி 56 பிட்தான், அதாவது 56 இடத்தில் 0 அல்லது 1. 1998இல் இதற்கென்றே கட்டிய ஒரு இயந்திரம் அதை 56 மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் வந்த ஏ.இ.எஸ். முறையில் 256 பிட் சாவி உண்டு. இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது எந்த அரசாங்கத்தாலும் ஆகிற காரியமில்லை. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாருக்கும் இரு முனை என்க்ரிப்ஷன் கொடுத்ததிலிருந்து சாவி நம் போன்களில்தான் இருக்கிறது, அந்தக் கம்பெனியிடம் கிடையாது.

ஆனால் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை விரலைப் பிடித்தார் என்பது அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும். யார் யாரோடு கைகோத்தார், எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதைச் சந்தையே பார்க்கிறது. யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்ற விவரத்தை என்க்ரிப்ஷன் மறைப்பதில்லை. அதோடு சி.டி.ஆர். என்ற போன் அழைப்புப் பட்டியலும் டவர் லொகேஷனும் சேர்ந்தால் பல வழக்குகளுக்கு அதுவே போதும்.

அதுவும் போதாதபோது போனையே பிடிப்பார்கள். 2015 டிசம்பரில் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோவில் துப்பாக்கிச் சூடு நடத்தியவனின் ஐபோன் 5சி அந்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யிடம் சிக்கியது. பத்து தடவை தப்பாகப் போட்டால் அழிந்துவிடுமோ என்ற பயம். அந்தத் தடையை நீக்கும் மென்பொருளை எழுதித் தரச் சொல்லி 2016 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவு வாங்கினார்கள், ஆப்பிள் மறுத்தது. மார்ச்சில் வெளியாள் ஒருவர் மூலம் திறந்துவிட்டு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே. போனைக் கையில் வாங்காமலேயே உள்ளே இறங்கி, நாம் படிக்கும்போது அதுவும் சேர்ந்து படிக்கும். இங்கே பெகாசஸ் புகாரை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்தது. 5இல் ஏதோ மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த கதை ஆனோம். குற்றவாளிகளுக்கென்று ரகசிய போன் விற்ற அந்தக் கம்பெனியை மறைமுகமாக நடத்தியதே எஃப்.பி.ஐ.தான். 2021இல் உலகம் முழுக்க 800 பேருக்கு மேல் மாட்டினார்கள். பூட்டை உடைப்பானேன், பூட்டுக் கடையையே வைத்துவிட்டார்கள்!

சரி, கட்டாயப்படுத்த முடியுமா? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 69இன்படி முறையான உத்தரவு இருந்தால் திறந்து கொடுக்க உதவ வேண்டும்; மறுத்தால் 7 வருடம் வரை சிறை. கம்பெனிகளைப் பொறுத்தவரை 2009 விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது: தன் கையில் சாவி இருக்கும் அளவுக்குத்தான் திறந்து தர வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு குறுக்கே வருகிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது. கைரேகை கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்று 1961இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாஸ்வேர்டு மண்டைக்குள் இருப்பதாயிற்றே? கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல், பாஸ்வேர்டைச் சொல்வது தனக்கு எதிரான சாட்சியாகாது என்றது. 2022இல் டெல்லியில் ஒரு சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம், பாஸ்வேர்டைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது, விரலை வைக்கச் சொல்லலாம் என்றது. ஆக, கைரேகை லாக்கை விட ஆறு இலக்க எண்ணுக்குச் சட்டத்தில் கொஞ்சம் கூடுதல் மரியாதை இருக்கிறது. பிரிட்டனில் இந்தக் குழப்பம் இல்லை. நோட்டீஸ் கொடுத்தும் சொல்லாவிட்டால் சாதாரண வழக்கில் 2 வருடம், தேசப் பாதுகாப்பு வழக்கில் 5 வருடம் வரை உள்ளே.

வாரண்டோடு ஒருவர் போனைத் திறப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லார் போனுக்கும் முன்கூட்டியே ஒரு மாற்றுச்சாவி செய்து வைப்பதுதான் உறுத்துகிறது. அந்தப் பேச்சு நம் ஊரிலும் நடந்தது. 2018இல் சமூக வலைதளக் கணக்கோடு ஆதாரை இணைக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு, மெசேஜை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்கும் வழி என்ன என்பதில் போய் நின்றது. ஒவ்வொரு மெசேஜிலும் தொடங்கியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். 2021 விதிகளில் 50 லட்சம் பயனருக்கு மேல் உள்ள மெசேஜ் செயலிகள், உத்தரவு வந்தால் முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வழி வைத்திருப்பது கட்டாயம் என்றே வந்துவிட்டது. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இங்கிருந்து போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார். மிரட்டல் மாதிரி தெரியும்தான். ஆனால் ஒருவர் அனுப்பியதைக் கண்டுபிடிக்க எல்லாருடைய காலை வணக்கத்துக்கும் கணக்கு வைத்தாக வேண்டும் என்ற அவர்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது.

மாற்றுச்சாவி போலீஸ் கையில் மட்டும் இருக்கும் என்பவர்களிடம் நான் கிரீஸ் கதையைச் சொல்வேன். அங்கே தொலைபேசி எக்சேஞ்சில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்றே வைத்திருந்த வசதிக்குள் 2004இல் யாரோ புகுந்து, பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேல் பல மாதம் ஒட்டுக்கேட்டார்கள்.

கடைசியாக, நடைமுறையில் கை வைக்க வேண்டிய இடம் பேக்கப். வாட்ஸ்அப் உரையாடல் கூகுள் டிரைவுக்குப் போகும்போது, என்க்ரிப்டட் பேக்கப்பை நீங்களே ஆன் செய்யாவிட்டால் அதற்கு இரு முனைப் பூட்டு கிடையாது. 2021 முதல் அந்த வசதி இருக்கிறது, செட்டிங்ஸில் பாருங்கள். ஆன் செய்தால் அந்தப் பாஸ்வேர்டைத் தொலைத்துவிடாதீர்கள், என்னிடம் வந்தும் பிரயோஜனம் இல்லை.

ஏற்காட்டு அம்மா வந்துபோன அன்று ராத்திரி என் போனின் பின் நம்பரை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.