மணி பத்தே முக்கால்

கேள்வி: வெளியே போன இடத்தில், முன்பின் தெரியாத ஒருவரோடு பேசியதில் உங்களால் மறக்க முடியாத உரையாடல் எது?

மூன்று நாளாக இந்தக் கேள்வியைப் பார்ப்பதும் தாண்டிப் போவதுமாக இருந்தேன். எனக்குத் திக்குவாய். அறிமுகமில்லாதவர்களோடு பேசுவதைப் பற்றி என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆனால் கேள்விக்குக் கீழே, "எனக்கு இப்படியெல்லாம் நடப்பதே இல்லை, யாரிடமும் பேச்சுக் கொடுக்க வருவதில்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். நீங்களும் ஏதோ ஒரு காரணத்தால் வாயைத் திறக்காமலே வீடு திரும்புகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திக்குவாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. பெரியவர்களில் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. ஆண்களுக்குத்தான் அதிகம், பெண்களைப் போல நான்கு மடங்கு. இது பயத்தால் வருவதில்லை. பயந்தால் கூடும், அவ்வளவுதான். பாடும்போது எனக்குத் திக்காது. நாலு பேரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசித்தால் திக்காது. கைக்குழந்தையிடம் பேசும்போதும் வராது. எதிரில் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கும்போதுதான் வரும். ப, க, த என்று உதட்டையோ நாக்கையோ அடைத்துத் திறக்க வேண்டிய எழுத்துகளில் சொல் தொடங்கினால் எனக்குச் சத்தமே எழும்பாது. வாய் அந்த எழுத்துக்குத் தயாராக நிற்கும், காற்று வராது. பார்ப்பவர்களுக்கு நான் விழித்துக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

என் பெயர் 'க'வில் தொடங்குகிறது. வேறு எந்தச் சொல்லையும் மாற்றிப் போட்டுத் தப்பித்துவிடலாம், பெயரை மாற்ற முடியாது. அன்றைக்குக் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வரவேற்பில் பெயர் கேட்டார்கள். வழக்கம்போல நின்றேன். அங்கே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "பேரே மறந்துபோச்சா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் எட்டு வயதிலிருந்து நான் கேட்டுவரும் வாக்கியம் அது. எத்தனையாவது முறை கேட்டாலும் அதே இடத்தில்தான் போய்த் தைக்கிறது. பெயரைத் தாளில் எழுதிக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

கண்மணி விரிய மருந்து ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். அது வேலை செய்ய 20 நிமிடம், அரை மணி நேரம் ஆகும். சிலருக்கு இரண்டு மூன்று முறை ஊற்றுவார்கள். அதற்கப்புறம் பல மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்தே தெரியாது, வெளிச்சம் கூசும். யாரும் செல்பேசியைப் பார்க்க முடியாத ஒரு கூடத்தை நினைத்துப் பாருங்கள். இருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர். கண்புரைக்காக வந்திருந்தார்.

"தம்பி, மணி என்ன ஆகுது?"

கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் மங்கலாகத் தெரிந்தது. பத்தே முக்கால். 'ப'. சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்றால் 'பதினொண்ணுக்குக் கால் மணி', அதுவும் 'ப'. உதடு ஒட்டிக்கொண்டது.

ஐந்தாறு விநாடி இருக்கும். கேட்க உங்களுக்குக் குறைவாகத் தோன்றலாம். பேச்சின் நடுவே ஐந்து விநாடி மௌனமாக இருந்து பாருங்கள், தெரியும். இந்த நேரத்தில் எல்லாரும் செய்வது ஒன்று உண்டு. "பத்தரையா? பதினொண்ணா?" என்று ஊகித்துச் சொல்வார்கள். இல்லையென்றால் அடுத்தவரிடம் திரும்பிக் கேட்டுவிடுவார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. மூடிய கண்ணோடு, காதை மட்டும் என் பக்கம் லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தார்.

"பத்தே முக்கால்" என்றேன் ஒருவழியாக.

"அப்ப சைலன்ஸ் பீரியடு ஆரம்பம்" என்றார்.

என்னைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து வேறு நாற்காலிக்குப் போயிருப்பேன். அதற்குள் அவரே, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, பழைய பழக்கம். கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தேன், இருபத்திரண்டு வருஷம்" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் காலத்தில் கப்பல்கள் அபாய அழைப்பை 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோர்ஸ் குறியீட்டில், அதாவது எழுத்தையும் எண்ணையும் குறுகிய ஒலி (புள்ளி), நீண்ட ஒலி (கோடு) என்று தட்டும் முறையில் அனுப்பும். சாதாரண அழைப்புகளும் அதே அலைவரிசையில்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தால், தூரத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு கப்பலின் மெல்லிய சத்தம் யாருக்கும் கேட்காது. அதனால் ஒவ்வொரு மணி நேரத்திலும் இரண்டு முறை, 15-ஆவது நிமிடத்திலிருந்து 18 வரை, 45-ஆவது நிமிடத்திலிருந்து 48 வரை, அந்த அலைவரிசையில் அபாய அழைப்பைத் தவிர யாரும் எதுவும் அனுப்பக் கூடாது. கப்பலானாலும் கரை நிலையமானாலும் கேட்க மட்டும்தான் வேண்டும். அதுதான் சைலன்ஸ் பீரியடு, மௌன நேரம். ரேடியோ அறையின் கடிகாரத்தில் அந்த மூன்று மூன்று நிமிடங்களுக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருப்பார்கள். 1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள் வழியான புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கப்பல்களில் ரேடியோ ஆபீசர் என்ற வேலையும் அதோடு ஏறக்குறைய போய்விட்டது.

"வேலை போயிடுச்சு, காது போகல. இப்பவும் பதினஞ்சு ஆனாலும் நாப்பத்தஞ்சு ஆனாலும் தானா கூர்மையாயிடும்" என்றார்.

நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எப்படிச் சொல்வது? முகம் தெரியாத இடத்தில், அவசரப்படாத ஒருவரிடம், திக்கித் திக்கியே கேட்டேன். சொல்லை மாற்றிப் போடவில்லை. எந்தச் சொல் வேண்டுமோ அதையே சொன்னேன். ஒவ்வொருவர் தட்டுவதும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், கையெழுத்து போல, பெயர் சொல்லாமலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்றார். மெதுவாகத் தட்டுகிறவருக்கு மெதுவாகத்தான் பதில் தட்ட வேண்டும், அதுதான் மரியாதை என்றார். "இன்னும் மெதுவாக அனுப்பு" என்பதற்கே 'க்யூ.ஆர்.எஸ்.' என்று மூன்றெழுத்துக் குறி இருந்ததாம். "புதுசா வந்த பையன் அதைக் கேட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க. நாளைக்கு நமக்கே கை நடுங்கலாம்."

பிறகுதான் அந்த இரவைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். இதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை, கதை என்று நினைக்கிறவர்கள் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். நடுக்கடல், நடு இரவு தாண்டிய நேரம். இரவில் அந்த அலைகள் பகலைவிட வெகுதூரம் போகும். மௌன நேரத்தில் இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று கேட்டது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி: அபாய அழைப்பு. தட்டியவருக்குக் கை சரியாக வரவில்லை. கோடு சில நேரம் புள்ளி அளவுக்குச் சுருங்கியது. நடுநடுவே நீண்ட இடைவெளி. அதற்கப்புறம் கப்பல் இருக்கும் இடம், எண்களில்.

"மோர்ஸ்ல எண்ணு ஒவ்வொண்ணும் அஞ்சு தட்டு. நாலு தட்டு வந்துச்சு, அஞ்சாவது வரல. எனக்குத் தெரியும் தம்பி, அது நாலுங்கிற எண்ணுதான்னு தோணுது. எழுதிடலாம். ஆனா அது அஞ்சா இருந்தா? அட்சரேகைல ஒரு டிகிரி தப்புனா அறுபது கடல் மைல். அறுபது மைல் தள்ளிப் போய் வெறுந்தண்ணியைத் தேடிக்கிட்டிருப்போம். அதனால நான் எழுதல. அந்த அஞ்சாவது தட்டு வர்ற வரைக்கும் பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்றால் சுமார் 111 கிலோமீட்டர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் பரவாயில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு கணக்கு விஷயமாக ஒரு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்தது இயந்திரக் குரல். "உங்கள் பெயரைச் சொல்லவும்" என்றது. நான் 'க'வில் நின்றேன். நான்கு விநாடி கழித்து, "மன்னிக்கவும், உங்கள் பதில் கிடைக்கவில்லை" என்றது. மூன்று முறை இப்படி நடந்த பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி துண்டித்தது. கடைசியில் மனைவி பேச வேண்டியிருந்தது. அவள் பேசியதும் இன்னொரு சிக்கல். கணக்கு வைத்திருப்பவர்தான் பேச வேண்டுமாம். பக்கத்தில்தான் இருக்கிறேன், என்னைப் பேசவிடாதது நீங்கள்தான் என்று யாரிடம் சொல்ல? விரலால் எண்ணை அழுத்திப் பதில் சொல்ல ஒரு வழி வைத்திருந்தால் போதும். காத்திருக்கும் நேரத்தைப் பத்து விநாடி ஆக்கினால் போதும். இதை வடிவமைத்தவர்களில் ஒருவர்கூட மெதுவாகப் பேசுகிற மனிதரைப் பார்த்ததில்லையா? ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 22 திக்குவாய் விழிப்புணர்வு நாள். அன்றைக்கு வாழ்த்துச் செய்தி போடுவதற்குப் பதிலாக இந்த ஒரு மாற்றத்தைச் செய்யலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் இன்னொரு சின்ன விளக்கம். அந்நியரோடு பேசினால் மனம் மகிழும் என்று ஆய்வே இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. 2014-இல் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்துச் செய்தார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசியவர்களுக்கு, தனியாக உட்கார்ந்து போனவர்களைவிடப் பயணம் நன்றாக இருந்தது. முன்கூட்டிக் கேட்டபோது ஆட்கள் நேர்மாறாகத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் "சும்மா பேசிப் பாருங்கள், சரியாகிவிடும்" என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேசுவது எனக்கு அன்றைக்குச் சாத்தியமானதற்குக் காரணம் என் தைரியம் இல்லை. கேட்டவர் கேட்ட விதம். "கண்ணை மூடினால் திக்காதா, அப்படியே பயிற்சி செய்யுங்களேன்" என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். அன்றைக்கும் திக்கியது. வழக்கத்தைவிட அதிகமாகவே திக்கியது, ஏனென்றால் எந்தச் சொல்லிலிருந்தும் நான் ஒதுங்கிப் போகவில்லை.

அவர் கதைக்கு வருகிறேன். அந்த ஐந்தாவது தட்டு வந்ததாம். நான்குதான். கேப்டனை எழுப்பி, கப்பலைத் திருப்பி, கரை நிலையத்துக்கும் தகவல் அனுப்பி, விடிகிற நேரத்தில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். "அலை பெருசா இருந்துச்சு. முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் ஒரு ஆரஞ்சு நிறம்…" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது செவிலியர் வந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்.

அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். பிழைத்தார்களா? மறுபடியும் 'ப' வரிசை. 'பி'யில் உதடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். நான் கேட்கப் போகிறேன் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது, ஒரு சத்தமும் வரவில்லை. என் மூச்சு நின்றதை வைத்துத்தான் அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும். செவிலியர் அவர் முழங்கையைப் பிடித்து, "வாங்க சார், டாக்டர் வெயிட் பண்றாரு" என்றார்.

"ஒரு நிமிஷம்மா. தம்பி பேசிட்டிருக்காரு."

அவர் அப்படியே நின்றார், கண்ணை மூடிக்கொண்டு, காதை என் பக்கம் திருப்பி. செவிலியரும் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இந்த முறை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"பிழைச்சாங்களா?"

"பதினாலு பேர்ல பதிமூணு பேர்" என்றார். அந்தப் பதினாலாவது ஆளைப் பற்றி ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. சொல்லவில்லை. என் தோளைத் தேடித் தொட்டுவிட்டு, செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.