பத்திரம் இருக்கிறது, அங்கீகாரம் எங்கே?

மனை, வரைபடம், கட்டட அனுமதி தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, 2009-இல் ஊராட்சி எல்லையில் ஐந்து சென்ட் மனை வாங்கினேன். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்றார்கள். பத்திரமும் பட்டாவும் என் பெயரில் இருக்கின்றன. வீடு கட்டக் கடன் கேட்டால் வங்கியில் டிடிசிபி எண், அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண், எங்கே என்கிறார்கள். என் நிலம் என்னுடையதுதானா?
வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்களுடையதுதான் அம்மா, அதில் கலக்கம் வேண்டாம். ஆனால் பத்திரம் சொல்வது யார் யாருக்கு விற்றார் என்பதை. பட்டா சொல்வது வருவாய்த் துறைக் கணக்கில் யார் பெயர் என்பதை. அந்த நிலத்தை மனையாகப் பிரிக்கலாமா, அதில் வீடு கட்டலாமா என்பது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருகிற கேள்வி. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவு இல்லாமல் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுக்க ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமே கிடையாது. அவருடைய முத்திரையைக் காட்டி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள், அதாவது அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்தும் விதிகள், வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் கட்டணம் கட்டி வரன்முறை பெறலாம். உங்கள் பத்திரம் 2009-ஆம் ஆண்டினது என்பதால் தேதியில் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். உங்கள் ஒரு மனையை மட்டும் தனியாகப் பார்க்க மாட்டார்கள். முதலில் அந்த மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் வேண்டும். விற்றவர் காணாமல் போயிருந்தால் மனை வாங்கியவர்கள் கூடி முயற்சி எடுக்க வேண்டியதுதான். பக்கத்து மனைக்காரர்களைத் தேடிப் பிடியுங்கள். விண்ணப்பக் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய நிலையை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. அரசின் இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கான புலப்படத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (ஒவ்வொரு எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) இறக்கிக்கொள்ளுங்கள். புலப்படத்தில் இரண்டு கோடுகள் அடுத்தடுத்து வளைந்து போனால், அதற்குத் தனி உட்பிரிவு எண் இருந்தால், பதிவேட்டில் அந்த எண்ணைப் பாருங்கள். 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கக்கூடும். ஒரு மனைப்பிரிவில் சங்கிலி பிடித்து அளந்தபோது அப்படி ஒரு வாய்க்கால் நேராக பதினான்காம் எண் மனைக்குள் போய் முடிந்தது. தரையில் வாய்க்கால் இல்லை. சிவப்பு கிராவல் கொட்டி மட்டமாக்கி, நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கல் நட்டிருந்தார்கள். மேல்புறத்து வயல்காரரிடம் கேட்டதற்கு, மழை பெய்தால் தண்ணீர் வழக்கமான வழியில்தான் வருகிறது என்று சொல்லிவிட்டார். நீர்நிலையிலும் வாய்க்காலிலும் விழுகிற மனைக்கு வரன்முறை கிடையாது, கிடைக்கவும் கூடாது. உங்கள் மனை அப்படி இல்லையென்று உறுதி செய்துகொண்டு கட்டணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: வீடு கட்டச் சுயசான்று போதும், அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?
வாசகர், திருப்பூர்

பதில்: உண்மை. 2024 ஜூலையில் வந்த திட்டம். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ கொண்ட வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டினால் அனுமதி கிடைத்துவிடும். முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. லஞ்சத்துக்கு இருந்த ஒரு பெரிய வாசல் இதனால் அடைபட்டது. நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் சான்று தருவது நீங்கள். பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விடாமலேயே, விட்டிருப்பதாக எழுதினால் பிறகு பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அங்கீகாரமில்லாத மனை இதனால் அங்கீகாரம் பெற்றுவிடாது.

கேள்வி: எங்கள் நகரில் வரைபடத்தில் 'பூங்கா' என்று காட்டிய இடத்தில் திடீரென்று கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். மனை விற்ற நிறுவனத்தைக் கேட்டால், அது தங்கள் இடம் என்கிறார்கள். எங்கே போவது?
வாசகர், மதுரை

பதில்: முதலில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் சான்றளிக்கப்பட்ட நகலை வாங்குங்கள். விற்பனை நோட்டீஸில் அச்சடித்த படம் செல்லாது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். ஆகவே அடுத்த வேலை, அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு, தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது. பதிவாகியிருந்தால் வேலி போட்டவர் உள்ளாட்சி நிலத்தில் அத்துமீறியிருக்கிறார். மாநகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதிவாகவில்லை என்றால் அதைப் பதிவாக்கச் சொல்லி நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

பயப்படாதீர்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதிவாசிகள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று, ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை உறுதி செய்தது. மருத்துவமனை கூட பூங்காவின் இடத்தைப் பிடிக்க முடியவில்லை என்றால், உங்கள் ஊர்க் கம்பி வேலி எம்மாத்திரம்? குழந்தைகள் ஓடியாட இருக்கிற ஒரே இடம் அதுவாக இருக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்து நன்செய் இரண்டு ஏக்கரை மனை போடக் கேட்கிறார்கள். அண்ணன் பவர் எழுதிக்கொடுக்கலாம் என்கிறான். வேளாண்மையில் வருமானமும் இல்லை. என்ன செய்ய?
வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: விற்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்து முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் நன்செயை மனையாக்க நிலப் பயன்பாட்டு மாற்றம் வேண்டும். வேளாண் துறையின் கருத்தைக் கேட்பார்கள், மாவட்ட ஆட்சியரிடம் போகும். பாசனம் இருக்கிற நிலத்துக்கு எளிதில் கிடைத்துவிடாது. அது கிடைக்கும் முன்பே பவர் எழுதிக் கொடுத்தால் உங்கள் நிலத்தை அடையாளமாகக் காட்டி முன்பணம் வசூலிப்பார்கள். நாளை வாங்கியவர்கள் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. அண்ணனிடம் சொல்லுங்கள்: பயன்பாட்டு மாற்ற ஆணையும் டிடிசிபி அங்கீகாரமும் கைக்கு வந்த பிறகு பேசலாம், அதுவரை விற்பனை ஒப்பந்தமோ பவரோ எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இந்த சம்பாவை வழக்கம்போல நடுங்கள்.