2020-ல் சீனா வரி மேல் வரி போட்டும் ஆஸ்திரேலியா எப்படித் தாக்குப்பிடித்தது?

நாட்டுக் கணக்கில் பார்த்தால் பெரிய அடி எதுவும் இல்லை. திராட்சைத் தோட்டக்காரரிடம் கேட்டால் பதில் வேறு. அப்போது அடிலெய்டில் இருந்ததால் எனக்கு இரண்டாவது கதைதான் நன்றாகத் தெரியும்.

2020 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் மரீஸ் பெய்ன், கொரோனா எங்கிருந்து வந்தது என்று சுயேச்சையான விசாரணை வேண்டும் என்று டிவி பேட்டியில் சொன்னார். எல்லாரும் இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் 5ஜி செல்போன் சேவையில் சீனக் கம்பெனி ஹுவாவேக்கு இடமில்லை என்று ஆஸ்திரேலியா அறிவித்த 2018-லேயே புகைச்சல் ஆரம்பித்துவிட்டது.

மே மாதம் பார்லிக்கு 80.5% வரி. அடக்க விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அரசு மானியம் வேறு என்று சீனா காரணம் சொன்னது. நவம்பரில் ஒயின், அடுத்த மார்ச்சில் அந்த வரி 218.4% வரை போனது. நிலக்கரிக்கு எழுத்தில் ஒன்றுமே கிடையாது, துறைமுகத்தில் இறக்கவிடவில்லை, அவ்வளவுதான். ஆஸ்திரேலிய நிலக்கரியோடு போன 'ஜக் ஆனந்த்' கப்பல் 2020 ஜூனிலிருந்து ஜிங்டாங் துறைமுகத்துக்கு வெளியே நின்றது. அதில் 23 இந்திய மாலுமிகள். ஜனவரியில் ஜப்பானின் சிபாவுக்குப் போய்த்தான் கரையேறினார்கள்.

ஆனால் நிலக்கரிக்கும் பார்லிக்கும் ஊர் பேர் கிடையாது. சீனா இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் அள்ளியது. அங்கே வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆஸ்திரேலியா பக்கம் வந்தார்கள். குளத்தில் ஒரு மூலையில் இறைத்தால் மற்ற மூலைத் தண்ணீர் அங்கே ஓடிவருகிற மாதிரி. பார்லி சவுதி அரேபியாவுக்குப் போனது. பீருக்கு வளர்த்தது ஆட்டுத் தீவனமாகப் போனால் விலை குறையத்தான் செய்யும், இருந்தாலும் போனது.

இரும்புத்தாது மீது சீனா கையே வைக்கவில்லை. அவர்கள் இறக்குமதி செய்யும் பத்து டன்னில் ஆறு டன் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியிலிருந்து போகிறது. 2019-ல் பிரேசிலில் புருமாடின்யோ சுரங்க அணை உடைந்தபின் அங்கேயும் தட்டுப்பாடு. 2021-ல் டன் விலை 200 டாலரைத் தாண்டியது. இதனால், தடைகள் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டே சீனாவுக்கான மொத்த ஏற்றுமதி மதிப்பு கூடியது! வேண்டாத பொருளுக்குத் தடை, வேண்டிய பொருளுக்குத் தாராளம் என்றால், அடி நாட்டின் மேல் விழாது, சிலர் தலையில் மட்டும்தான் விழும்.

அந்தச் சிலர் ஒயின்காரர்கள். ஆண்டுக்கு நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆனது. பார்லி விவசாயி அடுத்த பருவத்தில் கனோலா என்ற எண்ணெய் வித்தை விதைத்துவிடுவார். திராட்சைக்கொடி நல்ல காய்ப்புக்கு வரவே மூன்று, நான்கு வருடம். அதுவும் சீன வாடிக்கையாளரின் ருசியை நம்பி நட்ட ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சை. எங்கள் தெருமுனைக் கடையில் சீன எழுத்தில் லேபிள் ஒட்டிய புட்டிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. வாங்கிக் குடித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2022 மே மாதம் அல்பனீசி பிரதமரானார். நவம்பரில் பாலியில் ஷி ஜின்பிங்கைச் சந்தித்தார். அதன்பின் தடைகள் ஒவ்வொன்றாக விலகின: 2023 ஆகஸ்டில் பார்லி, 2024 மார்ச்சில் ஒயின், அந்த ஆண்டுக் கடைசியில் சிங்கி இறால். பதிலுக்கு உலக வர்த்தக அமைப்பில் போட்ட வழக்குகளை ஆஸ்திரேலியா விட்டுக்கொடுத்தது. ஆனால் 2020-ல் சீனத் தூதரகம் பத்திரிகைகளிடம் கொடுத்த, ஆஸ்திரேலியா மீதான 14 குறைகளின் பட்டியலில் முக்கியமான எதுவும் மாறவில்லை. ஹுவாவேக்கு இன்றும் இடமில்லை. இத்தனை செய்தும் சீனா அரசியலில் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்பது என் கருத்து.

வரி போனதும் ஒயின்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். அதற்குள் சீனர்கள் ஒயின் குடிப்பதே குறைந்துவிட்டது. ரிவர்லேண்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் பாதித் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு பாதாம் வைத்திருக்கிறார். ஆஸ்திரேலிய பாதாமை அதிகம் வாங்குவது யார் தெரியுமா? சீனாதான்.