முகவையின் கோடும் பியூரெட்டின் கோடும்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்: முகவையிலேயே (பீக்கர்) மில்லிலிட்டர் கோடுகள் இருக்கும்போது பிப்பெட், பியூரெட் என்று தனிக் கருவிகள் எதற்கு?

பிப்பெட் என்பது குறிப்பிட்ட அளவு கரைசலை உறிஞ்சி எடுத்து இறக்கும் குழாய், பியூரெட் என்பது கரைசலை அடியிலிருந்து சிறிது சிறிதாக இறக்கி அளக்கும் கோடிட்ட நீள்குழாய். முகவையில் உள்ள கோடுகளோ தோராயமானவை. அவற்றில் ஐந்து விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம் என்று பல முகவைகளின் மீதே அச்சிட்டிருப்பார்கள். அதாவது 100 மி.லி. கோடு வரை ஊற்றிய நீர் 95 ஆகவும் இருக்கலாம், 105 ஆகவும் இருக்கலாம். கலக்கவும் சூடாக்கவும் ஊற்றி எடுக்கவும் செய்யப்பட்ட பாத்திரத்திடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமும் அன்று.

வேறுபாட்டின் வேர் கருவியின் அகலத்தில் இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள முகவையில் நீர்மட்டத்தை ஒரு மில்லிமீட்டர் தவறாகப் பார்த்தால் ஏறத்தாழ 2 மி.லி. பிழையாகிவிடும், ஒரு சென்டிமீட்டர் அளவே உட்புற விட்டமுள்ள பியூரெட்டில் அதே தவறு 0.1 மி.லி.யைக்கூடத் தாண்டாது. பிப்பெட்டும், குறித்த கன அளவுக்குக் கரைசல் தயாரிக்கும் திட்டக் குடுவையும் வயிறு பருத்திருந்தாலும், அளவுக்கோடு மட்டும் ஒடுங்கிய கழுத்தில் இருப்பது இதனால்தான்.

இவ்வளவு நுட்பமான கருவியையும் கழுவும் முறையால் கெடுத்துவிட முடியும். பியூரெட்டையும் பிப்பெட்டையும் நீரால் கழுவியபின், அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலசியாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் நீர் கரைசலின் செறிவைக் குறைத்துவிடும். வினை நடக்கும் கூம்புக் குடுவையை மட்டும் வாலை வடிநீரால் (காய்ச்சி வடித்த நீர்) கழுவினால் போதும். பிப்பெட் அளந்து தந்த வினைபொருளின் அளவு அங்கே கூடிய நீரால் மாறாது. கரைசலால் அலசினாலோ ஒட்டியிருக்கும் மிச்சமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆய்வக உதவியாளர், கரூர்: பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதி இறக்கலாமா?

பள்ளிகளில் வழக்கமாக உள்ள, ஒற்றைக் கோடிட்ட பிப்பெட்டில் ஊதக் கூடாது. அத்துளி உள்ளேயே தங்கும் என்பதைக் கணக்கிட்டுத்தான் 20 மி.லி. கோட்டை இட்டிருக்கிறார்கள், ஊதினால் வெளியேறும் அளவு 20 மி.லி.க்கு மேல் போய்விடும். கரைசல் தானாக வடிந்தபின் நுனியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுத்தால் போதும். ஊதி வெளியேற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பிப்பெட்டுகளும் உண்டு. அவற்றின் மேல்முனைக்கு அருகே அதற்கான வளையக் குறி இருக்கும். எந்த வகையானாலும் வாயால் உறிஞ்சுவதை விட்டு, ரப்பர் உறிஞ்சுகுமிழைப் பயன்படுத்துங்கள்.

ஆசிரியை, நாகர்கோவில்: பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நிரப்பும்போது பியூரெட்டில் எந்த விளிம்பைப் பார்ப்பது?

மேல்விளிம்பை. நிறமற்ற கரைசலில் பிறைத்தளத்தின், அதாவது குழாய்க்குள் பிறைபோல் வளைந்து நிற்கும் கரைசல் பரப்பின், அடிப்பகுதியைப் பார்க்கிறோம். அடர் ஊதாவில் அது புலப்படாது. தொடக்க அளவையும் இறுதி அளவையும் கண்மட்டத்தில் வைத்து ஒரே விளிம்பில் குறித்தால், நமக்குத் தேவையான வித்தியாசம் சரியாகவே கிடைக்கும். ரப்பர் குழாயும் கவ்வியும் பொருத்திய பழைய பியூரெட் இதற்கு உதவாது. பெர்மாங்கனேட் ரப்பரை ஆக்சிஜனேற்றம் செய்து தானும் செறிவு குறைந்துவிடும் என்பதால், கண்ணாடித் திருகு உள்ளதையே எடுக்க வேண்டும்.