காமா கதிர் வெடிப்பு எந்தத் திசையில் நடந்தது என்று விண்வெளித் தொலைநோக்கி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வானத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து சில நொடிகளோ நிமிடங்களோ காமா கதிர்கள் கொட்டித் தீர்த்துவிட்டு அடங்கிவிடும், அதுதான் காமா கதிர் வெடிப்பு. எங்கே, எப்போது என்று முன்கூட்டித் தெரியாது. நம் வளிமண்டலம் இந்தக் கதிர்களை உறிஞ்சிவிடுவதால் கருவியை மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

சரி, திசை? சாதாரண ஆடியால் காமா கதிரைக் குவிக்க முடியாது. அதனால் 2004-ல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் என்ற நாசா விண்வெளித் தொலைநோக்கியில் ஒரு தந்திரம் செய்தார்கள்: உணர்விகளுக்கு மேலே, ஆயிரக்கணக்கான சிறு ஈயத் துண்டுகளைத் தாறுமாறாகப் பரப்பிய ஒரு தட்டு. ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் எங்கே விழுகிறது என்று பார்த்தே சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம் இல்லையா, அதே கணக்குதான்; ஈயத்தின் நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணினி பார்த்து இடத்தைச் சொல்ல, யாரையும் கேட்காமல் செயற்கைக்கோள் தானே அந்தப் பக்கம் திரும்பி, மிச்சமிருக்கும் எக்ஸ் கதிர் ஒளியைப் பிடித்துவிடும்.

அப்புறம் ஆய்வு. 2 நொடிக்கு மேல் நீடித்தால் பெரும்பாலும் பெரிய விண்மீன் ஒன்றின் சரிவு, குறைந்தால் நியூட்ரான் விண்மீன்களின் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த கருக்களின்) மோதல். 2017-ல் அப்படியொரு மோதலிலிருந்து ஈர்ப்பலை, அதாவது வெளியையே அதிரவைத்தபடி பரவும் அலை, வந்து 1.7 நொடியில் காமா கதிரும் வந்தபோது மோதல் விளக்கம் உறுதியானது. ஆனால் இந்த 2 நொடிக் கோட்டை ரொம்பவும் நம்ப வேண்டாம், விதிவிலக்குகள் உண்டு.

நாளுக்குச் சுமார் ஒன்று தென்படுவதால் அவ்வளவுதான் நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: கதிர்கள் குறுகிய கற்றையாகப் பாய்வதால் நம் பக்கம் திரும்பாதவை பெரும்பாலும் கருவியில் சிக்குவதே இல்லை.