எருமையும் 1965-ம்

கேள்வி: பம்பாயில் வேலை பார்த்த என் அப்பாவுக்குத் தாத்தா எழுதிய கார்டுகளும் இன்லண்ட் கடிதங்களும் ஒரு கட்டாகக் கிடைத்தன. எல்லாம் குரோதி வருஷம், அதாவது 1964-65. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடே பற்றி எரிந்தது. தாத்தாவோ எருமை கன்று போட்டதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ‘காலேஜை மூடிவிட்டார்கள். சின்னவன் வந்துவிட்டான். எருமைக்குப் புல் அறுக்கிறான்’ என்று ஒரே ஓர் இடத்தில் வருகிறது, அவ்வளவுதான். வரலாற்று உணர்வே இல்லாத இந்தக் கடிதங்களை என்ன செய்வது? ஸ்டாம்புகளை மட்டும் வெட்டிப் பேரனுக்குக் கொடுத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்றவர், விருதுநகர்

பதில்: பெயரை மறைத்தது நல்ல காரியம். எருமையை இத்தனை இளக்காரமாகப் பேசியவருக்கு உங்கள் ஊரில் யாரும் காப்பி கொடுக்க மாட்டார்கள்.

எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 6, 7 பங்கு இருக்கும். சமன்படுத்தியது என்று பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்களே, அதில் 3. அந்த 3-ஐ ஊற்றிக் காப்பி கலந்துவிட்டு, டிகாக்‌ஷன் சரியில்லை என்று வீட்டில் இருப்பவர்களிடம் எரிந்து விழுகிற கூட்டம் ஒன்று உண்டு. இதை இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதி, வாசகர்கள் என்னைப் பிற்போக்குவாதி என்று கார்டு போட்டும் ஆயிற்று. போடட்டும். கெட்டியான கள்ளிச்சொட்டுப் பாலில் போட்ட காப்பியைக் குடித்த நாக்கு அப்படித்தான் பேசும். உங்கள் தாத்தா பக்கம் பக்கமாக எழுதியதற்கு அந்தப் பால் ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் அவர் எழுதியது பாலைப் பற்றி மட்டும் அல்ல. யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். பம்பாயில் உட்கார்ந்து மாதாமாதம் மணியார்டர் அனுப்பும் மூத்த மகனுக்கு. எருமை கன்று போட்டால் வீட்டில் பால் இருக்கும், விற்றால் கைச்செலவுக்குக் காசு இருக்கும், சின்னவனுடைய காலேஜ் சம்பளத்துக்கு யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டியதில்லை. ‘இந்த மாதம் பணம் பத்து நாள் தள்ளி வந்தாலும் பாதகமில்லை, நீ வயிறாரச் சாப்பிடு’ என்பதை அந்தக் காலத்துத் தகப்பன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். எருமையை விட்டுச் சொல்ல வைப்பான். உங்கள் அப்பாவுக்கு அது புரிந்திருக்கும். புரியாமலா இத்தனை வருஷம் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தார்?

வரலாறு எங்கே என்று கேட்கிறீர்கள். 1965 ஜனவரி 25-ல் மதுரையில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. கல்லூரிகள் மூடப்பட்டன. பிப்ரவரி 11-ல் பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசினார். மத்திய உணவு மந்திரி சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள், அது ஏற்கப்படவில்லை. இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மூடிய கல்லூரியிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்த பையன் மறுநாள் காலையில் என்ன செய்தான் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? புல் அறுத்தான் என்று உங்களிடம் எழுத்து மூலமான சாட்சியம் இருக்கிறது. புல் அறுத்தபோது அவன் என்ன முணுமுணுத்தான், அப்பா அவனை ஊர்வலத்துக்குப் போனாயா என்று கேட்டாரா என்பதெல்லாம் அடுத்தடுத்த கடிதங்களில் வரிக்கு நடுவே கிடக்கும். கட்டை முழுதாகப் பிரித்துப் படித்தீர்களா, எருமையைக் கண்டதும் மூடிவிட்டீர்களா?

அரிசியையும் தேடிப் பாருங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை, ரேஷனில் அரிசி சரியாகப் போடவில்லை என்று ஒரு வரி தட்டுப்பட்டால் எடுத்து வையுங்கள். ரூபாய்க்கு ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற தி.மு.க.வின் அரிசிக் கோஷத்துக்கு 1967-ல் இந்த மாநிலம் ஏன் ஓட்டுப் போட்டது என்பதற்கு மேடைப் பேச்சைவிட அந்த வரி நல்ல விளக்கம்.

இனி ஸ்டாம்பு. என் கோபமெல்லாம் இங்கேதான்.

குரோதி என்பது 60 வருஷத்துக்கு ஒரு முறை வரும். 1904-ல் வந்தது, 1964-ல் வந்தது, 2024-லும் வந்து போயிற்று. நம் பெரியவர்கள் ‘குரோதி வருஷம் மாசி மாதம் 4-ந் தேதி’ என்று எழுதிவிட்டு ஆங்கில வருஷத்தைப் போடாமல் விட்டுவிடுவார்கள். எந்தக் குரோதி என்று சொல்வது வட்டமான தபால் முத்திரை. அது குத்தப்பட்டிருப்பது ஸ்டாம்பின் மேல். ராஜா தலை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாவது காலத்தைக் கணிக்கலாம் என்றால், அந்தத் தலையைத்தான் முதலில் கத்தரிக்கிறீர்கள்.

அதோடு போகிறதா? கார்டிலும் இன்லண்டிலும் ஸ்டாம்பு காகிதத்திலேயே அச்சானது. அதன் முதுகில் கடிதம் இருக்கிறது. எங்கள் உறவில் ஒரு தபால்தலைப் பிரியர் புகுந்து விளையாடிய கட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ‘அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் பார்த்துவிட்டு’ என்று ஒரு வரி முடிகிறது. அடுத்த வரியின் தொடக்கத்தில் சதுரமாக ஓட்டை. ஓட்டைக்கு அப்புறம், ‘என்று சொல்லிவிட்டார். நீ லீவு போட வேண்டாம்.’ டாக்டர் என்ன சொன்னார் என்பது எவனுடைய ஆல்பத்திலோ பின்பக்கம் பசை தடவி ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பொழுதுபோக்குக்காரர்களோடு எனக்குச் சமரசம் கிடையாது. பழைய கடிதத்தை லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டுகிறவர்களோடும் கிடையாது. அவர்களைப் பற்றி வேறொரு வாரம்.

கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி, பூச்சிக்கு ஒரு துண்டு வசம்பு போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். இன்லண்டின் ஓர மடிப்புகளையும் நிமிர்த்திப் பாருங்கள். இடம் போதாமல் அங்கேயும் எழுதியிருப்பார்கள். பேரனுக்கு ஸ்டாம்புதான் வேண்டுமென்றால், சென்னை அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அழைத்துக்கொண்டு போய்க் கேட்டதை எல்லாம் வாங்கிக் கொடுங்கள். கத்தரிக்கோலை மட்டும் அவன் கண்ணில் காட்டாதீர்கள்.