வரலாறு படித்தவர் பைத்தானில்தான் தொடங்க வேண்டுமா?

வரலாறு இறுதியாண்டு, தரவு வேலைக்குப் போக ஆசை, பைத்தான் என்ற நிரல்மொழி வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டேன், கணினியில் இன்னொரு பட்டம் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

ஆய்வேட்டுக்காகப் பழைய கடிதங்கள் 300 படித்ததாகச் சொன்னீர்களே, அவற்றையே எக்செலில் ஏற்றுங்கள்: எழுதியவர், பெற்றவர், ஊர், தேதி. தேதியில்தான் தகராறு வரும். 1900க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். ஆண்டே இல்லாத கடிதங்களுக்கு நீங்கள் ஊகித்த ஆண்டு வேறு நெடுவரிசையில் போகட்டும், எதை வைத்து ஊகித்தீர்கள் என்பது அதற்குப் பக்கத்தில். தரவு வேலையில் பெரும்பாடு இதுதான். மூலத்தைச் சந்தேகிக்கும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கணினி படித்த பலருக்கு அது லேசில் வராது. ஒரே ஆளின் பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருந்தால் ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் ஒன்றுசேர்த்துக் காட்டும்.

அப்புறம் எஸ்க்யூஎல், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. யார் யாருக்கு எந்த ஆண்டில் எத்தனை கடிதம் என்பதை ஒரே மாதிரியானவற்றைத் தொகுக்கும் ‘குரூப் பை’ கட்டளை போட்டுச் சில வரிகளில் எடுத்துவிடலாம். பைத்தான் அதற்குப் பிறகு வரட்டும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தத் தரவையும், அதை எப்படிச் சீர்செய்தீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.